நொர்ஸ்க்ப்ரோவன்: எந்தப் பகுதி, எந்த நிலை, எப்படி எடுப்பது

"அக்கா, நொர்ஸ்க் பரீட்சைக்குப் பதியப் போகிறேன்" என்று, இங்கே நோர்வேயில் நோர்வேஜிய மொழிப் பரீட்சை எழுத யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது "எதற்காக?" என்றுதான். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கும். எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுகிறேன் என்பார்கள். அப்படிப் பதிந்து, தேவையில்லாத பகுதிகளுக்கும் பணம் கட்டி, தேவையான ஒரு பகுதியில் தவறான நிலையைத் தேர்ந்து, வெறுங்கையுடன் திரும்பியவர்களை ஒஸ்லோவின் குரூருட்டால் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமைகளில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நொர்ஸ்க்ப்ரோவன் என்பது பெயரளவில் ஒரு பரீட்சை. உண்மையில் அது நான்கு: வாசித்து விளங்குதல், கேட்டு விளங்குதல், எழுத்து, பேச்சு. நான்கிற்கும் தனித்தனியாகப் பதியலாம், தனித்தனியாகப் பெறுபேறு வரும், ஒன்றில் சறுக்கினால் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம். மொத்தப் புள்ளி, சராசரி, சித்தி, தோல்வி என்று எங்கள் ஊர்ப் பரீட்சைகளில் பழகியவர்களுக்கு இது பிடிபட நேரமாகும். இங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிலை. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஐரோப்பா முழுவதும் மொழித் திறனை அளக்கும் அதே ஏணிதான். ஏ1 என்றால் பெயர், ஊர், கடை, நேரம். ஏ2 என்றால் அன்றாட வாழ்க்கையை ஒருவாறு சமாளிப்பது. பி1 என்றால் உங்கள் வேலை, குடும்பம், கருத்து பற்றித் தொடர்ச்சியாகப் பேச முடிகிறது. பி2 என்றால் வாதிட முடிகிறது, செய்தித்தாள் கட்டுரை விளங்குகிறது. அதற்கு மேல் சி1 தனிப் பரீட்சை.

இதை நடத்துவது ஹோகோ-டிர் என்று சுருக்கமாக அழைக்கப்படும், உயர்கல்விக்கும் திறன் வளர்ச்சிக்குமான அரச இயக்குநரகம். அது 2021இல் பல அமைப்புகளை ஒன்றிணைத்து உருவானது. கேள்விகளை அவர்கள் தயாரிக்கிறார்கள். மண்டபமும் கணினியும் உங்கள் ஊர்க் கொம்யூனுடைய, அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பொறுப்பு. அதனால் பரீட்சை பற்றிய விதிகளுக்கு ஹோகோ-டிர் இணையதளத்தைப் பாருங்கள். எந்தக் கட்டடம், எத்தனை மணி, எந்த வாசல் என்பதற்குக் கொம்யூனைக் கேளுங்கள். இரண்டையும் மாற்றிக் கேட்டால் இருவரும் உங்களை மற்றவரிடம் அனுப்புவார்கள்.

எதற்காக என்ற கேள்விக்கு வருகிறேன்.

குடியுரிமைக்காக என்றால், 18 முதல் 67 வயது வரையானவர்களுக்குப் பேச்சுப் பகுதியில் பி1 தேவை. 2022 அக்டோபர் 1 வரை ஏ2 போதுமாக இருந்தது, அன்றிலிருந்து உயர்த்திவிட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள்: பேச்சுப் பகுதி. எழுத்தில் என்ன நிலை வந்தது என்று குடியுரிமை விண்ணப்பத்தில் யாரும் கேட்பதில்லை. நிரந்தர வதிவிட அனுமதிக்கும் பேச்சுத்தான் கணக்கு, நிலை மட்டும் பி1ஐவிடக் கீழே. அந்த விதிகளும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் யூடிஐ என்னும் குடிவரவு இயக்குநரகத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மாமா சொன்னார், மச்சான் சொன்னார் என்று பழைய விதியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்திலோ உயர்கல்லூரியிலோ நோர்வேஜிய மொழியில் படிக்க வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே நான்கு பகுதிகளிலும் பி2 கேட்பார்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ தாதியாகவோ மருத்துவராகவோ படித்துவிட்டு இங்கே அங்கீகாரம் பெற நினைப்பவர்களும் பி2ஐக் குறி வைக்க வேண்டும். ஒரே பரீட்சை, ஒரே மண்டபம். ஆனால் தாதியும், குடியுரிமை தேடும் சமையற்காரரும் எடுக்க வேண்டியது ஒன்றல்ல.

நிலையைத் தேர்வது எப்படி

வாசித்தலிலும் கேட்டலிலும் நீங்கள் நிலை தேர்வதில்லை. கணினியே உங்கள் விடைகளைப் பார்த்து, அடுத்து வரும் கேள்விகளைக் கடினமாகவோ எளிதாகவோ ஆக்கும். ஆகவே நடுவில் கேள்விகள் திடீரென்று கடினமானால் பதறாதீர்கள். நன்றாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளமாகவும் இருக்கலாம்.

எழுத்திலும் பேச்சிலும் நீங்கள்தான் தேர வேண்டும்: ஏ1–ஏ2, ஏ2–பி1, பி1–பி2. மூன்று பெட்டிகள். ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான், ஆகையால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. ஏ2–பி1ஐத் தேர்ந்தால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பி1க்கு மேல் கிடைக்காது. பி1–பி2ஐத் தேர்ந்து பி1ஐ எட்டாவிட்டால் "பி1க்குக் கீழே" என்று வரும். அதை யாரும் ஏ2 என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது யோசியுங்கள். குடியுரிமைக்கு வேண்டியது பி1. அந்த பி1, ஏ2–பி1 பெட்டியின் கூரையிலும் இருக்கிறது, பி1–பி2 பெட்டியின் தரையிலும் இருக்கிறது. சான்றிதழில் வரும் பி1 இரண்டிலும் ஒன்றே. எந்தப் பெட்டியில் வாங்கினாய் என்று யூடிஐ கேட்டு ஒருவரைக் குறைத்து மதிப்பதில்லை.

அப்படியிருக்க, குடியுரிமைக்காக மட்டும் எடுப்பவர் ஏன் பி1–பி2க்குப் பதிய வேண்டும்? ஏ2–பி1இல் கேள்விகள் அன்றாட வாழ்க்கையைச் சுற்றியே இருக்கும், தவறினாலும் ஏ2 கையில் நிற்கும். ஆனாலும் பதிகிறார்கள். காரணம் கேட்டால், "ஏ2 என்று போட்டிருக்கிறதே, அது சின்னப் பரீட்சைதானே" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பி2 எடுத்துவிட்டது என்ற மனக்குறையும் அதற்குள் இருக்கும். கௌரவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பதியுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பிறகு ஆசை இருந்தால் பி2ஐத் தனியாக எடுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

மறுபக்கமும் உண்டு. தாதி வேலைக்கு பி2 தேவைப்படும் ஒருவர், பயத்தினால் ஏ2–பி1க்குப் பதிந்தால் அந்தப் பணமும் நாளும் வீண். அங்கே பி2 என்ற பெறுபேறே இல்லை. உங்களுக்கு எந்த நிலை தேவையோ அது இருக்கும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். முழு இரகசியமும் அவ்வளவுதான். இதைச் சொல்லித் தருவதற்குப் பணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன.

பதிவு, பணம், அடையாளம்

பரீட்சை ஆண்டில் ஒருசில தடவைகள்தான் நடக்கும், பதிவுக்காலம் குறுகியது. கடைசி நாள் கடந்த பிறகு எவ்வளவு மன்றாடினாலும் கதவு திறக்காது. பெரிய நகரங்களில் இடங்கள் பதிவு திறந்தவுடனேயே நிரம்பிவிடும். ஒஸ்லோவில் இடம் கிடைக்காதவர்கள் வேறு கொம்யூனில் பதிந்து, காலை ரயிலில் போய் எழுதிவிட்டு வருகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சுப் பகுதியும் கணினிப் பகுதிகளும் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் நடக்கும் என்பதால், வேலையிடத்தில் விடுப்புக் கேட்கும்போது இரண்டையும் மனதில் வையுங்கள்.

மொழிக் கல்விக்குச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் முதல் தடவை கட்டணமின்றி எடுக்கலாம். மற்றவர்கள் பகுதிக்குப் பகுதி பணம் கட்ட வேண்டும். ஆகவே பேச்சு மட்டும் தேவையென்றால் பேச்சை மட்டும் பதியுங்கள்.

படம் உள்ள, செல்லுபடியாகும், மூல அடையாள ஆவணம் கட்டாயம் வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த கடவுச்சீட்டின் படம் உதவாது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கத் தூதரகத்தில் கொடுத்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், பிறகு பரீட்சைக்குப் பதியலாம். எழுத்து வாசிப்பில் மருத்துவ ரீதியான சிக்கலோ, கண் அல்லது காது குறைபாடோ உள்ளவர்கள் கூடுதல் நேரம் போன்ற வசதிகளைக் கேட்கலாம். ஆனால் பதியும்போதே, ஆவணத்துடன் கேட்க வேண்டும். மண்டபத்தில் போய்க் கையைத் தூக்கிப் பயனில்லை.

வாசித்தல், கேட்டல்

இவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனெனில் பயிற்சிதான் மருந்து. இரண்டும் கணினியில். படத்தைத் தேர்வது, விடுபட்ட சொல்லை நிரப்புவது, பல விடைகளில் ஒன்றை அழுத்துவது, பந்தியில் உரிய இடத்தைக் குறிப்பது என்று வகைகள் வரும். ஹோகோ-டிர் தளத்தில் மாதிரிப் பரீட்சைகள் இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றைச் செய்யாமல் மண்டபத்துக்குப் போகாதீர்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். வாசித்தலுக்கு 75 நிமிடம். கேட்டலில் ஒலி தொடங்குவதற்கு முன் கேள்வியை வாசித்துவிடுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கேட்டால் எல்லாம் ஒரே இரைச்சலாகப் போகும்.

வீட்டில் என்ன செய்யலாம்? கிளார் தாலெ என்ற எளிய மொழிச் செய்தித்தாள் இருக்கிறது. ஏ2இல் இருப்பவர்களுக்குப் பொருத்தமானது, இணையத்திலும் வாசிக்கலாம். த்ரொண்ட்ஹெய்மில் உள்ள என்டிஎன்யூ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவச நொர்ஸ்க் பாடநெறி வைத்திருக்கிறது. சொல் தெரியாவிட்டால் லெக்சின் என்னும் இணைய அகராதியில் நொர்ஸ்க் சொல்லுக்குத் தமிழ்ப் பொருளே கிடைக்கும். இந்த நாட்டில் அரச ஆதரவுடன் தமிழுக்கு இப்படி ஓர் அகராதி இருப்பது பலருக்குத் தெரியாது. கூகுள் மொழிபெயர்ப்பில் கூத்தாடுகிறார்கள்.

எழுத்து

கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். நோர்வேஜிய விசைப்பலகையில் ஆங்கிலத்தில் இல்லாத மூன்று உயிரெழுத்துகள் வலப்பக்கம் இருக்கும். ஆங்கில விசைப்பலகையில் பழகிய இளம் பொறியாளர்கள் அந்த மூன்றைத் தேடித் தேடித் தடுமாறுவார்கள். நூலகக் கணினியில் உட்கார்ந்து சில நாட்கள் பழகினாலே போதும்.

நொர்ஸ்குக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் உண்டு; பொக்மோலிலோ நீநொர்ஸ்கிலோ எழுதலாம். ஒஸ்லோ வகுப்புகளில் படித்தவர்கள் பொக்மோல் எழுதுவார்கள். எது என்றாலும் ஒன்றைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள்.

கேள்வியில் சில சமயம் சிறு குறிப்புகள் தந்திருப்பார்கள்: யாருக்கு எழுதுகிறீர்கள், என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள். ஒன்றையும் விடாமல் தொடுங்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு, குளியலறையில் நீர் ஒழுகுகிறது என்று எழுதச் சொன்னால், எப்போது ஒழுகத் தொடங்கியது, அவர் எப்போது வந்து பார்க்கலாம் என்பதும் வர வேண்டும். எங்கள் ஆட்கள் அங்கே வணக்கம், நலம், நலமறிய ஆவல் என்று அரைப் பக்கத்தை நிரப்பிவிட்டு, குழாய்க்கு வரும்போது நேரம் முடிந்துவிடும். நோர்வேக்காரர்கள் முதல் வரியிலேயே குழாய்க்கு வந்துவிடுவார்கள்.

பி1–பி2இல் கருத்துச் சொல்லும் கட்டுரை வரும். பிள்ளைகள் எந்த வயதில் கைத்தொலைபேசி வைத்திருக்கலாம், நகர மையத்தில் கார்களைத் தடை செய்யலாமா என்பது போன்ற தலைப்புகளில் பழகிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு வியாபாரம் நடக்கிறது: மனப்பாடக் கட்டுரைகள். ஒரு தனியார் வகுப்பில் சூழல் மாசு, உடல்நலம், சமூக ஊடகம் என்று அச்சடித்த கட்டுரைகளைக் கொடுத்து மனனம் செய்யச் சொன்னார்கள். என்னிடம் வந்த பெண்ணிடம் ஒரு கோப்பு நிறைய இருந்தது. எழுத்தை மதிப்பிடுகிறவர்கள் அந்த வேலையை ஆண்டாண்டாகச் செய்கிறவர்கள். பி2 தரத்தில் ஒரு பந்தியும் அடுத்த பந்தி ஏ2 தரத்திலும் வந்தால் எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாதா? மேலும் கேள்விக்குப் பொருந்தாத அழகான கட்டுரைக்கு மதிப்பில்லை. மனனம் செய்ய வேண்டியவை இணைப்புச் சொற்கள்தான்: அதனால், இருந்தாலும், ஒருபுறம், மறுபுறம், எடுத்துக்காட்டாக. அவற்றின் நொர்ஸ்க் வடிவங்களைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தத் தலைப்பையும் கட்டி எழுப்பலாம்.

இலக்கணத்தில் தமிழர்கள் சறுக்கும் இடங்கள் எனக்கு அத்துப்படி. முதலாவது, வினைச்சொல்லின் இடம். தமிழில் வினை கடைசியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். நொர்ஸ்கில் சாதாரண வாக்கியத்தில் அது இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. "நேற்று" என்று தொடங்கினால் அடுத்து வினை, அதன் பிறகுதான் "நான்": இ கோர் யிக் யை, நேற்று நான் போனேன். "இ கோர் யை யிக்" என்று எழுதினால் ஆள் இன்னும் ஏ2இல் இருக்கிறார் என்று தோன்றும். இரண்டாவது, "ஏனென்றால்" போன்ற சொல்லால் தொடங்கும் துணை வாக்கியத்தில் "இக்கெ" என்னும் மறுப்புச் சொல் வினைக்கு முன்னால் வரும்: ஃபொர்டீ யை இக்கெ கான், ஏனென்றால் என்னால் முடியாது. முதன்மை வாக்கியத்தில் பின்னால். இந்த இரண்டையும் திருத்திக்கொண்டாலே பி1ஐ நோக்கிப் பெரிய தூரம் நகர்ந்துவிடலாம். பெயர்ச்சொற்களின் பால் வகையைப் பற்றி இரவு பகலாகக் கவலைப்படுகிறவர்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஒரு மேசையைத் தவறான பாலில் சொன்னால் யாருக்கும் மேசை விளங்காமல் போவதில்லை.

பேச்சு

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், பெரும்பாலோருக்குத் தேவையானதும் இதுதான்.

வழக்கமாக இரண்டு பரீட்சார்த்திகள் சேர்ந்து உள்ளே போவார்கள். எதிரே இருவர் இருப்பார்கள்: ஒருவர் கேள்வி கேட்டு நடத்துவார், மற்றவர் கேட்டுக் குறிப்பெடுத்து மதிப்பிடுவார். குறிப்பெடுப்பவர் சிரிக்க மாட்டார், தலையாட்ட மாட்டார். அது அவருடைய வேலை, உங்கள் மீது கோபம் இல்லை. முதலில் பெயர், எங்கே வசிக்கிறீர்கள் என்று ஒரு சிறு பேச்சு வரும். அது வாயைத் திறக்க வைப்பதற்கு மட்டும், அதை மதிப்பிடுவதில்லை. வாரக்கணக்கில் பாடமாக்கிய சுயஅறிமுகத்தை அங்கே ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, உண்மையான கேள்வி வரும்போது களைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

பிறகு தனியாகப் பேசும் பகுதியும், இருவரும் ஒருவரோடொருவர் பேசும் பகுதியும் வரும். கீழ்நிலையில் படத்தைப் பார்த்து விவரிப்பது, எளிய கேள்விகளுக்குப் பதில். ஏ2–பி1இல் ஒரு விடயம் பற்றிச் சொல்வதும், ஏன் என்று காரணம் தருவதும். பி1–பி2இல் ஒரு கூற்றை வைத்து உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லி அதற்காக வாதிட வேண்டும். என்ன தலைப்பு என்று முன்கூட்டித் தெரியாது.

இருவர் பேசும் பகுதியைத்தான் தமிழர்கள் வீணாக்குகிறார்கள். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள். பக்கத்தில் இருப்பவர் வயதில் மூத்தவர் என்றால் அவர் முடிக்கும்வரை காத்திருப்போம், அவர் சொன்னதை ஆமோதிப்போம், அதோடு நிறுத்துவோம். மதிப்பிடுகிறவருக்குத் தெரிவது என்ன? இந்த ஆளுக்கு உரையாடத் தெரியவில்லை என்பது. "ஆம், எனக்கும் அதே கருத்து" என்பதுடன் ஓயாதீர்கள். காரணத்தைச் சேருங்கள், பிறகு கேள்வியைத் திருப்பி அவரிடம் போடுங்கள்: வா மேனெர் டூ, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மறுத்துப் பேசவும் பழகுங்கள். யை ஆர் இக்கெ ஹேல்ட் ஏனி, எனக்கு முழு உடன்பாடில்லை. இதை முகத்தில் சிரிப்போடு சொல்லலாம், இந்த நாட்டில் அதற்காக யாரும் கோபிப்பதில்லை. பக்கத்திலிருப்பவர் பேசாமடந்தையாக இருந்தால் நீங்கள் கேள்வி கேட்டு இழுங்கள்; அந்த முயற்சியும் உங்கள் திறனாகத் தெரியும். அவர் வாயை மூடவே இல்லை என்றால் நடுவில் நுழையக் கற்றுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் எங்களுக்குச் செய்யத் தெரியாததா அது?

கேள்வி விளங்காவிட்டால் ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். கான் டூ சி டெ என் காங் தில், இன்னொரு முறை சொல்வீர்களா என்று கேளுங்கள். திரும்பக் கேட்கத் தெரிவதும் மொழித் திறனில் சேர்த்தி. வேறு எதையோ பற்றி ஐந்து நிமிடம் பேசுவது சேர்த்தி இல்லை.

உச்சரிப்பில் நோர்வேக்காரராக மாற வேண்டியதில்லை. பேசுவது சிரமமின்றி விளங்க வேண்டும். எங்களுக்குச் சிக்கல் தருபவை சில ஒலிகள். சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தைத் தமிழ் எழுத்து ஒரேயொரு எழுத்தால் காட்டிவிடுகிறது. நொர்ஸ்கில் அந்த ஒலியைத் தொண்டை அதிராமல் சொன்னால் பேரிக்காய், அதிரவிட்டுச் சொன்னால் சுமப்பது. உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்லும் அந்த நீண்ட ஒலியும் தமிழில் கிடையாது. நகரம் என்ற சொல்லில் அது வருகிறது, குவிக்காமல் சொன்னால் வேறு சொல்லாகிவிடும். கண்ணாடி முன்னால் நின்று உதட்டைப் பார்த்துப் பழகுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களையே ஆசிரியராக்குங்கள்.

வட்டார வழக்கு பற்றி ஒரு வார்த்தை. 80களில் வந்த எங்களில் பலர் முதல் நொர்ஸ்கைக் கற்றது நாட்டின் வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான். நானும் அப்படித்தான். "நான்" என்பதற்கு வடக்கில் சொல்வது போல் "ஆ" என்றுதான் இன்றும் என் வாயில் வருகிறது. பேச்சுப் பரீட்சையில் அது குற்றமல்ல, இந்த நாட்டில் எல்லோரும் தங்கள் ஊர் வழக்கில்தான் பேசுகிறார்கள். எழுத்தில் மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள்.

பயிற்சிக்கு ஆள் வேண்டும். வீட்டில் தமிழ், வேலையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சத்தம், இடையில் கடைக்காரரிடம் இரண்டு சொல் என்று வாழ்கிறவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? நூலகங்களில் மொழிக் கஃபே என்று நடத்துகிறார்கள். ஒஸ்லோவில் டெய்க்மன் நூலகக் கிளைகளில் போய் உட்காரலாம், பணமில்லை, பதிவில்லை. செஞ்சிலுவைச் சங்கமும் பல ஊர்களில் தன்னார்வலர்களை வைத்து மொழிப் பயிற்சி தருகிறது. அங்கே வரும் ஓய்வுபெற்ற நோர்வே ஆசிரியைகளுக்குப் பொறுமை அதிகம், பேச ஆசையும் அதிகம். வகுப்புக்குக் கட்டும் பணத்தில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். தமிழர்கள் இருவர் சேர்ந்து போனால் மட்டும் வேறு வேறு மேசையில் உட்காருங்கள்.

குடியுரிமைக்கு இன்னொரு பரீட்சை

பேச்சில் பி1 வந்த மகிழ்ச்சியில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். குடியுரிமைக்கு ஸ்டாட்ஸ்பொர்கர்ப்ரோவன் என்னும் சமூக அறிவுப் பரீட்சையும் நொர்ஸ்கில் சித்தியடைய வேண்டும். 36 கேள்விகள், பல விடைகளில் ஒன்றைத் தேர்வது, 60 நிமிடம். 24 சரியாக இருந்தால் சித்தி. இங்கே நிலை எதுவும் கிடையாது, சித்தி அல்லது இல்லை. நிரந்தர வதிவிட அனுமதிக்காகச் சமூக அறிவுப் பரீட்சையைத் தமக்கு விளங்கும் வேறு மொழியில் எழுதியவர்கள், அதுவே குடியுரிமைக்கும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

பாராளுமன்றமான ஸ்டூர்டிங்கில் 169 உறுப்பினர்கள், 1814 மே 17இல் எய்ட்ஸ்வோலில் அரசியலமைப்பு, 1905இல் சுவீடனுடனான ஒன்றியம் முறிந்தது, 1913இல் பெண்களுக்கு முழு வாக்குரிமை, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை 1972இலும் 1994இலும் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தது: இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் ஆண்டுகளைவிட அன்றாடச் சட்டங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். பிள்ளைகளை அடிப்பது பற்றிய சட்டம், பெற்றோர் விடுப்பு, தொழிலாளர் உரிமை, வீட்டு மருத்துவர் முறை. எங்கள் சமூகத்தில் சிலருக்கு முதலாவதில் சரியான விடை தெரிந்திருந்தும் கை போவதில்லை.

இலங்கை, இந்தியக் குடியுரிமையை விட மனமில்லாமல் இத்தனை காலம் ஒதுங்கியிருந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நோர்வே தன் பக்கத்தில் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. உங்கள் பழைய நாடு என்ன சொல்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள்; இந்தியா அனுமதிப்பதில்லை, இலங்கையில் அதற்கென்று விண்ணப்பம் இருக்கிறது.

அப்படி ஒதுங்கியிருந்த மூத்தவர்கள் புதிதாகப் பதிவதற்கு முன் அலுமாரியைத் திறந்து பழைய கோப்புகளைப் பாருங்கள். 2014க்கு முன்பு இருந்த பரீட்சைக்கு நொர்ஸ்க்ப்ரோவ 2, நொர்ஸ்க்ப்ரோவ 3 என்று பெயர். இரண்டு என்பது ஏ2 தரம், மூன்று என்பது பி1 தரம். அந்தக் காலத்தில் மூன்றில் பேச்சுச் சித்தி என்று ஒரு தாள் இருந்தால், அதை யூடிஐயிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். இங்கே பள்ளியில் படித்து நொர்ஸ்க் பாடத்தில் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளும் அந்தச் சான்றிதழைக் கொண்டே விண்ணப்பிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். 67 வயதைக் கடந்த அம்மா அப்பாவை இந்தப் பரீட்சைக்காக வகுப்புக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்; அந்த நிபந்தனை அவர்களுக்கு இல்லை.